‘ஆச்சு’ என்று சொன்ன பெட்டி

வீட்டுக்கு யார் வந்தாலும் இரண்டாவது வாய் டீ உள்ளே போவதற்குள் அந்தக் கேள்வி வந்துவிடும். “மாடியில இருக்காளே உன் நாத்தனார், அவ என்னதான் வேலை பார்க்கிறா?”

முன்பெல்லாம் “கம்ப்யூட்டர் வேலை” என்று சொல்லி முடித்துக்கொள்வேன். அதோடு விடுகிற ஜனமா? “அப்படியா, எங்க வீட்டு பிரின்டர் ரொம்ப நாளா ஓடலை, கொஞ்சம் பார்க்கச் சொல்லேன்” என்று ஆரம்பிப்பார்கள். அவளுக்கு பிரின்டர் பார்க்கத் தெரியாது. ஒருமுறை என் போனில் எழுத்தைப் பெரிதாக்கித் தரச் சொன்னேன். இப்படியும் அப்படியும் தடவிப் பார்த்துவிட்டு, “அண்ணி, நீங்க கண்ணாடியை மாத்திக்கோங்க” என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். கண்ணாடிக் கடை வைத்திருக்கும் என் வீட்டுக்காரருக்கு அன்றைக்கு வந்த சிரிப்பு சாப்பாட்டு நேரம் வரைக்கும் அடங்கவில்லை.

அவள் வேலை வேறு. அது என்னவென்று புரிந்துகொள்ள எனக்கே வருஷக்கணக்கில் ஆனது. எதற்கும் சட்டென்று வாய் பிளக்கிறவள் இல்லை நான். வானவேடிக்கைக்குக் கூட்டிப்போனால் குப்பையை யார் கூட்டுவது என்று யோசிக்கிற ஆள். அப்படிப்பட்ட நானே மாடிக்குப் பெருக்கப் போய்விட்டு, பெருக்காமல் இறங்கி வந்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் அவளைக் குடைச்சல் என்றுதான் கூப்பிடுவோம். அவள் அண்ணன்காரர், அதாவது என் வீட்டுக்காரர், வைத்த பெயர். சின்ன வயதில் வாசல் அழைப்பு மணி ஏன் அடிக்கிறது என்று கண்டுபிடிக்கக் கரண்டிக் காம்பால் சுவரைக் குடைந்தாளாம். ஷாக் அடித்துத் தூக்கிப் போட்டிருக்கிறது. வீடே அலறிக்கொண்டு ஓடிவந்து தண்ணீர் தெளித்து உட்கார வைத்தால், இவள் கேட்ட முதல் வார்த்தை, “இது எந்தப் பக்கத்துலேர்ந்து வந்துச்சு?”

அந்தக் கேள்வியை அவள் இன்னும் விடவில்லை. நாற்பது தாண்டிவிட்டது. கல்யாணம் வேண்டாம் என்றாள். “ஏன்?” என்றதற்கு “எதுக்கு?” என்று திருப்பிக் கேட்டாள். அதோடு விட்டுவிட்டோம். படிப்பு முடிந்ததும் ஒரு டெலிபோன் கம்பெனியில், குளிரூட்டிய அறையில் விளக்கு எரிகிறதா அணைகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும் உத்தியோகம். அங்கே பெட்டிகளில் ஓடிய சாஃப்ட்வேர், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், தப்பு இருந்தால் திருத்தி அனுப்பலாம் என்கிற வகை. இவள் திருத்தி அனுப்ப ஆரம்பித்தாள். ஒன்று, பத்து, நூறு. ஒரு கட்டத்தில் அதைப் பார்த்துக்கொள்கிறவர்களே, “இந்தப் பகுதியை நீயே பார்த்துக்கோயேன்” என்று அவள் தலையில் கட்டிவிட்டார்கள். அதைப் பயன்படுத்தும் கம்பெனி ஒன்று சம்பளம் தருகிறது. எங்கள் மாடி அறையில் உட்கார்ந்தபடி அவள் கவனித்துக்கொள்ளும் சாஃப்ட்வேர் எத்தனை நாட்டில் ஓடுகிறது என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

அந்த அறையையும் சொல்லிவிடுகிறேன். ஜன்னல் பக்கம் மேஜை. சுவரோரம் இரும்பு அடுக்கில் பெட்டிகள், ஒவ்வொன்றும் ஷூ டப்பா அளவு. ஒவ்வொன்றிலும் ஒரு குட்டி ஃபேன். எல்லாம் சேர்ந்து கொதி வரப்போகும் பானை மாதிரி முனகிக்கொண்டே இருக்கும். மஞ்சள், நீலம், சிவப்பு என்று கம்பிகள் தரை முழுக்க. துடைப்பம் நுழையாது. ஒருமுறை நுழைத்தேன். “அண்ணி, இப்ப ரெண்டு ஊரைத் துண்டிச்சுட்டீங்க” என்றாள், தலையைத் திருப்பாமலே.

பெட்டி என்று நான் சொல்வது ரூட்டர். உங்கள் வீட்டு மூலையில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டு தூசி படிந்து கிடக்கிறதே, அதன் பெரிய அண்ணன்கள். போன் பேச்சோ படமோ பணமோ, எது வந்தாலும் எங்கே போக வேண்டியது என்று பார்த்துச் சரியான கம்பியில் தள்ளிவிடுவது அதன் வேலை. அதற்குள் இரண்டு பேர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் யோசிக்கிறவர். அவர்தான் ரூட்டிங் சாஃப்ட்வேர். அக்கம்பக்கத்துப் பெட்டிகளோடு ஓயாமல் பேசி, எந்த வழி திறந்திருக்கிறது, எது அடைபட்டது என்று விசாரித்து முடிவு பண்ணுவார். இன்னொருவர் செய்கிறவர். கெர்னல் என்கிறார்கள். கம்ப்யூட்டரின் அடிவயிறு. அவரிடம் ஒரு அட்டவணை இருக்கும், இன்ன இடத்துக்கு இன்ன கம்பி என்று. வருவதை அட்டவணையைப் பார்த்துத் தள்ளுவார். அதற்கு மேல் யோசனை கீசனை எதுவும் கிடையாது. மேலே இருப்பவர் ஆயிரம் முடிவு எடுக்கட்டும், அட்டவணையில் ஏறாத வரைக்கும் அது வெறும் நினைப்புதான்.

குடைச்சலின் வேலை இந்த இரண்டு பேருக்கும் நடுவில். மேலே இருப்பவர் “இந்த வழியைப் போடு, அதை எடு” என்று சொன்னது கீழே போய்ச் சேர்ந்ததா, சொன்னபடி அட்டவணை மாறியதா, இருவர் மனதிலும் இருப்பது ஒன்றுதானா என்று பார்ப்பது. ஒரு வீட்டில் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் இந்த வேலையைப் பார்த்தவர்களுக்குத்தான் இதன் கஷ்டம் தெரியும்.

முதல்முதலாக அந்த அட்டவணையைப் பார்த்தது நான் பெருக்காமல் இறங்கிய அந்தக் காலையில்தான். அவள் திரையில் எண்ணும் புள்ளியுமாக வரிகள் கீழிருந்து மேலே ஓடிக்கொண்டிருந்தன.

“என்னடி இது, எறும்புக்கூட்டம் மாதிரி?”

“வழி அண்ணி.”

“எந்த ஊருக்கு?”

“எல்லா ஊருக்கும்.”

“எல்லான்னா?”

“எல்லான்னா எல்லாம்தான். உலகத்துல இன்டர்நெட் இருக்கிற எல்லா இடத்துக்கும். பத்து லட்சம் வரி பக்கம் வரும். ஒண்ணு வந்து நின்னுச்சுன்னா இத்தனையிலயும் தேடி, அதுக்குப் பொருத்தமான ஒரே ஒரு வரியை எடுக்கணும்.”

“அதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?”

“நீங்க கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள லட்சம் தடவை தேடிடும்.”

என் அடுப்படி அலமாரியில் ஒரு பாத்திரத்துக்கு மூடி தேட எனக்கு ஒரு முற்பகல் போகிறது. ஓடுகிற வரிகளில் ஒன்று திடீரென்று மாறியது. “இது என்ன?” என்றேன். “எங்கேயோ கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு கம்பி போயிருக்கும். இல்ல, யாராவது புதுசா ஒண்ணு போட்டிருப்பாங்க. சேதி இங்க வந்துடுச்சு, வழி மாறிடுச்சு” என்றாள், பால் பொங்கிவிட்டது என்று சொல்கிற குரலில். கடலுக்கு அந்தப் பக்கம் கம்பி அறுந்ததற்கு என் வீட்டு மாடியில் ஒரு வரி நகர்கிறது! துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ. கீழே போனால் அடுப்பில் வைத்தது அடிப்பிடித்துக் கரியாகியிருந்தது. அதற்காக நான் வருத்தப்படவில்லை என்பதுதான் எனக்கே ஆச்சரியம்.

இனி, ஆம்புலன்ஸ் விஷயம்.

ஊரில் யாருக்கு என்ன என்றாலும் ஆம்புலன்ஸுக்கு அடிக்கிற போன் எல்லாம் ஒரே கட்டுப்பாட்டு அறைக்குப் போகும். அந்த அறைக்கு இரண்டு வழி. ஒன்று தரைக்குள் வரும் கம்பி, மற்றது கூரைமேல் இருந்து காற்றுவழி பேசும் டிஷ். கம்பி போனால் பேச்சு டிஷ் வழியாகத் தாவிவிட வேண்டும், பேசுகிறவருக்குத் தெரியவே கூடாது. அதற்காக வைத்த பெட்டிகளில் ஓடுவது குடைச்சலின் சாஃப்ட்வேர். பெரும்பாலும் தாவியது. எப்போதாவது ஒருமுறை தாவவில்லை. கம்பியும் இல்லை, டிஷ்ஷும் இல்லை, சுத்தமாக ஊமை. கொஞ்ச நேரம் கழித்துத் தானாகச் சரியாகிவிடும்.

ஒரு காலையில் அவள் எங்கள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருக்கும்போது அந்த அறையிலிருந்து போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டாள். ஆபரேட்டர் பெண்மணி. குரலிலேயே தெரிந்தது, என்னை மாதிரி ஆள், வாயில் மூடி கிடையாது.

“ஏம்மா, உங்க சாஃப்ட்வேரு தூங்குதா செத்துப்போச்சா? நேத்து ஒருத்தர், ‘எங்க அப்பாவுக்கு’ங்கறாரு, அதோட சத்தமில்லை. என்ன வீடு, என்ன தெரு, எதுவும் தெரியாது. அவர் மறுபடி அடிச்சுக் கிடைக்கிற வரைக்கும் நான் அந்த நாற்காலியில உசுரோட இல்லை. அந்தப் பெரியவர் பிழைச்சுட்டாரு. அடுத்த ஆளு பிழைப்பாருன்னு நீங்க எழுதிக் குடுப்பீங்களா?”

குடைச்சலின் கையில் பிய்த்த ரொட்டி அப்படியே இருந்தது.

“எங்க பொறுப்பாளர் சொல்லச் சொன்னாரு. மாசக் கடைசி வரைக்கும் பார்ப்பாராம். சரியாகலைன்னா இது எல்லாத்தையும் கழட்டி வீசிட்டு பழையபடி ஒத்தைக் கம்பிக்கே போயிடுவோம்.”

ஒற்றைக் கம்பி என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டேன். அது அறுந்தால் ஆள் வந்து ஒட்டுகிற வரைக்கும் ஊர் மொத்தத்துக்கும் ஆம்புலன்ஸ் போன் கிடையாது என்று அர்த்தமாம். அது எப்போதாவது வருகிற சங்கடம். இதுவும் எப்போதாவதுதான். ஆனால் எது எப்போது என்று யாருக்குத் தெரியும்? ரொட்டியைத் தட்டிலேயே போட்டுவிட்டு மேலே போனாள்.

அன்றிலிருந்து அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சாப்பாட்டை மாடிக்குக் கொண்டுபோனால் தட்டு கனம் குறையாமல் திரும்பி வந்தது. பெட்டி தான் செய்வதையெல்லாம் வரிவரியாகக் குறித்து வைக்கும். அதை எல்லாம் வாங்கிக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். “கம்பி போச்சு. புது வழி போடு என்றேன்: ஆச்சு. பழைய வழியை எடு என்றேன்: ஆச்சு.” எங்கே பார்த்தாலும் ஆச்சு, ஆச்சு. திட்டுவதற்குக்கூட இடம் தராத வேலைக்காரன் மாதிரி. அட்டவணையைத் திறந்து பார்த்தால் வழி சரியாக இருக்கிறது. எதுவுமே தப்பில்லை, ஆனால் ஒரு மனிதர் ‘எங்க அப்பாவுக்கு’ என்றதோடு நின்றுபோயிருக்கிறார்.

இந்த சாஃப்ட்வேருக்கு இவளோடு சேர்ந்து காவல் இருப்பவன் ஒருவன், வேறு நாட்டில். தாடி என்போம். திரையில் வந்தால் தாடிதான் முதலில் வரும், ஆள் பிறகு. கெர்னலுக்கு உத்தரவு அனுப்பும் பகுதியை ஆதியில் எழுதியது அவன்.

“அது கெர்னல் தப்பு. நம்மகிட்ட ‘ஆச்சு’ன்னு சொல்லிட்டு செய்யாம விட்டா நாம என்ன பண்றது?” என்றான்.

“அவரு பொய் சொன்னதா நான் இதுவரைக்கும் பார்த்ததில்லை.”

“எப்பப் பாரு கெர்னலுக்கே வக்காலத்து வாங்கு.”

“எப்பப் பாரு உன் தாடியைத் தடவிக்கிட்டு அடுத்தவன் மேல பழி போடு.”

நான் தட்டை எடுக்கப் போனவள், சண்டை சுவாரஸ்யமாக இருந்ததால் மேஜையைத் துடைக்கிற சாக்கில் அங்கேயே நின்றேன். அப்போது குடைச்சல் கேட்டாள், “தானா எப்படிச் சரியாகுது?”

“எது?”

“ஊமையானது கொஞ்ச நேரத்துல தானா சரியாயிடுதே, அது எப்படி?”

தாடி யோசித்தான். பல வருஷங்களுக்கு முன்னால் யாரோ ஒரு புண்ணியவான் சாஃப்ட்வேரில் சேர்த்த சின்ன நிரல் துணுக்கு ஒன்று உண்டாம். அவ்வப்போது விழித்து, மேலே இருப்பவர் மனதில் உள்ளதையும் கீழே உள்ள அட்டவணையையும் ஒப்பிட்டு, விட்டுப்போனதைத் திரும்பப் போட்டுவிட்டுச் சத்தம் போடாமல் படுத்துக்கொள்ளும். நல்ல எண்ணத்தில் வைத்தது.

“அப்ப நாம பார்க்கிறதுக்கு முன்னாடியே தடயத்தைத் துடைச்சுட்டுப் போயிடுது” என்றாள் குடைச்சல். “அதைப் படுக்கப் போடணும்.”

“அதை நிறுத்தினா ஊமையானது ஊமையாவே இருக்குமே!”

“அதுதான் வேணும். இங்க, என் பெட்டியில.”

அவள் அடுத்துச் செய்ததைப் பார்த்துத்தான் எனக்கு வாயடைத்துப் போனது. ஒரே ஒரு கம்ப்யூட்டருக்குள், நிஜக் கம்பி ஒரு முழம்கூட இல்லாமல், நாலு ஊர் கட்டினாள். இது போன் பண்ணுகிறவர் வீடு, இது கட்டுப்பாட்டு அறை, இது கம்பி வழி, இது டிஷ் வழி. ஒவ்வொன்றுக்கும் தனி அட்டவணை, தனி கெர்னல் மாதிரியே. ஒன்றுக்கு மற்றது இருப்பதே தெரியாது, கம்பி வழியாகப் பேசிக்கொள்வதைத் தவிர. எனக்கு வீடு கட்ட மேஸ்திரி ஒருவரைப் பிடிக்கவே நாக்கு தள்ளியது. இவள் உட்கார்ந்த இடத்தில் ஊர் ஊராக முளைக்க வைத்தாள். பிறகு அந்த இல்லாத கம்பியைப் பிடுங்கு, சொருகு, பிடுங்கு, சொருகு என்று ஒரு சின்ன நிரலை ஓடவிட்டு, அந்தத் துடைக்கிற துணுக்கைத் தூங்கப் பண்ணிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

நான் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். சரியாகத் தாவியது. மறுபடி சரி. மறுபடி சரி. வெங்காயம் தீர்ந்து பூண்டுக்கு வந்துவிட்டேன்.

திரை நின்றது. ஒரு சிவப்பு வரி.

குடைச்சல் நாற்காலியில் முன்னால் வந்தாள். அட்டவணையைத் திறந்தாள். கட்டுப்பாட்டு அறைக்குப் போகிற வழி இல்லை. கம்பியும் இல்லை, டிஷ்ஷும் இல்லை. துடைக்கிற ஆள் தூங்குவதால் அந்த ஓட்டை அப்படியே திறந்து கிடந்தது, கையும் களவுமாக. மேலே இருப்பவரைக் கேட்டாள். அவர் சாவகாசமாக, “டிஷ் வழி போட்டாச்சே” என்கிறார்.

“அண்ணி,” என்றாள், “இது எந்தப் பக்கத்துலேர்ந்து வந்துச்சுன்னு தெரியணும். எதுவும் பேசாதீங்க.” நான் பூண்டைக்கூடச் சத்தம் போடாமல் உரித்தேன்.

இரண்டு பேருக்கும் இடையே போன ஒவ்வொரு சொல்லையும் நேர வரிசையில் அடுக்கினாள். அன்று மாலை வெளிச்சம் போவதற்குள் அவள் மாடிப்படியில் தடதடவென்று இறங்கிவந்த வேகத்தில் என் வீட்டுக்காரர் தீப்பிடித்ததோ என்று எழுந்துவிட்டார்.

“அவரு பொய் சொல்லலை அண்ணா! சொன்னதைத்தான் செஞ்சிருக்காரு!”

“யாரு?”

“கெர்னலு!”

“உட்காரு. முதல்ல தண்ணியைக் குடி” என்றார் அண்ணன்காரர்.

குடிக்காமலே சொன்னாள். கம்பி அறுந்தால், அந்தக் கம்பி சம்பந்தப்பட்ட வழிகளை கெர்னல் தானே எடுத்துப் போட்டுவிடுவார். ஒவ்வொன்றையும் எடுத்தேன் எடுத்தேன் என்று யாருக்கும் சொல்ல மாட்டார். கம்பி போச்சு என்று ஒரு வார்த்தைதான், மற்றதை நீயே புரிந்துகொள் என்பது அவர் வழக்கம். இது தெரியாமல் மேலே இருப்பவர் இரண்டு உத்தரவு அனுப்புகிறார். முதலாவது, “டிஷ் வழியைப் போடு.” போட்டாச்சு. இரண்டாவது, “அந்த அறைக்குப் போகிற வழியை எடு.” பழையதைத்தான் நினைத்தார், ஆனால் எது என்று சொல்லவில்லை. எந்தக் கம்பி, எத்தனையாவது இடம், எதுவும் இல்லை. அப்படி மொட்டையாகச் சொன்னால் வரிசையில் முதலில் இருப்பதை கெர்னல் எடுப்பார். எப்போதும் பழையதே முதலில் இருக்கும், அதனால் இத்தனை வருஷம் சரியாகவே நடந்தது. ஆனால் இந்த உத்தரவு போய்ச் சேர்வதற்கு ஒரு இமைப்பொழுது முன்னால் கெர்னல் பழையதைத் தானே துடைத்துவிட்டிருந்தால்? அட்டவணையில் மிச்சம் இருப்பது புதியது ஒன்றுதான். அதை எடுத்தார். ‘ஆச்சு’ என்றார்.

ஜன்னலுக்கு வெளியே துணிக்கொடி என் கண்ணில் பட்டது.

“கொடியில புதுத் துண்டைப் போட்டுட்டு, ‘கொடியில கிடக்கிற துண்டை எடுத்து அழுக்குல போடுங்க’ன்னு இவர்கிட்ட சொன்ன மாதிரி” என்றேன். “பழசு ஏற்கெனவே காத்துல பறந்துபோச்சு. இவரு புதுசை எடுத்து அழுக்குல போட்டுட்டு, போட்டாச்சும்பாரு.”

“நான் ஏன் இதுல வர்றேன்?” என்றார் வீட்டுக்காரர்.

“அதேதான் அண்ணி,” என்று குடைச்சல் பல நாளைக்கு அப்புறம் சிரித்தாள், “குளிக்கப் போனவர் ஈரத்தோட நிக்கறார்.”

எல்லாம் சொன்ன பிறகு சாப்பிட்டாள். தட்டு வழித்தமாதிரி திரும்பி வந்தது. நான் மட்டும் சிங்க் முன்னால் குழாயைத் திறந்துவிட்டு நின்றிருந்தேன். இரண்டு பேரும் உண்மையே சொல்கிறார்கள், இரண்டு பேரும் சொன்ன வேலையைச் செய்கிறார்கள், நடுவில் கண்ணிமைக்கும் நேரம்கூட இல்லாத ஒரு இடுக்கு. அந்த இடுக்கில் ஒரு மனிதரின் அப்பா விழுந்திருக்கிறார். அந்த இடுக்கைத் தேடி ஒருத்தி என் வீட்டு மாடியில் ஊர் கட்டியிருக்கிறாள். தண்ணீர் வீணாகிறது என்று வீட்டுக்காரர் வந்து குழாயை மூடினார்.

திருத்தம் என்னமோ சில வரிகள்தான். எடு என்றால் எதை என்று முழு விலாசத்தோடு சொல்ல வேண்டும். அப்படி ஒன்று இல்லை என்று கெர்னல் சொன்னால், சரி, ஏற்கெனவே போய்விட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். தாடி மூன்று நாள் முறுக்கிக்கொண்டு, “கெர்னல்காரங்க முதல்லயே சொல்லியிருக்கணும்” என்று முனகிவிட்டு, கடைசியில் தன் வரிகளைத் தானே அடித்துவிட்டு இவளுடையதைச் சேர்த்தான். முறுக்கு இருந்தாலும் நேர்மையான பிள்ளை.

ஆனால் கட்டுப்பாட்டு அறைப் பொறுப்பாளர் விடவில்லை. “உங்க கம்ப்யூட்டர்ல சரியாச்சு, சந்தோஷம். எங்க அறையில நிஜக் கம்பியைப் புடுங்கிக் காட்டுங்க. ஒரு தடவை இல்லை, நான் போதும்கற வரைக்கும். அப்புறம்தான் வெச்சிருக்கறதா வீசறதான்னு முடிவு” என்றுவிட்டார்.

“அண்ணி, நீங்களும் வர்றீங்களா?” என்றாள் அன்று காலை, செருப்பை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு.

“நான் அங்க வந்து என்னத்தைப் பெருக்க?”

“தனியா போக பயமா இருக்கு.”

சுவரைக் குடைந்து ஷாக் வாங்கியவள் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை. கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஜன்னல் இல்லாத கூடம். காதில் மாட்டிக்கொண்டு பேசுகிறவர்களுக்கு இரண்டு மேஜை. நாற்காலிகளின் கைப்பிடி தேய்ந்து பஞ்சு எட்டிப் பார்த்தது. தண்ணீர் பாட்டில்கள், இருமல் மிட்டாய். கூடத்தை ஒட்டி அலமாரி மாதிரி ஒரு சின்ன அறை. அங்கேதான் பெட்டி. நடுவில் பாதிக் கண்ணாடித் தடுப்பு, ஆபரேட்டர் பெண்மணியின் பின்னந்தலை தெரிந்தது. ஏற்பாடு இதுதான்: நான் அந்தச் சின்ன அறையிலிருந்து என் போனில் அவரைக் கூப்பிட்டுப் பேசிக்கொண்டே இருக்க வேண்டும், குடைச்சல் கம்பியைப் பிடுங்க வேண்டும். அதுவரை நிஜ அழைப்புகள் அடுத்த மேஜைக்குப் போகும்.

போன் அடித்தேன்.

“ஆம்புலன்ஸ். சொல்லுங்க, என்ன அவசரம்?”

“என் நாத்தனாருக்கு முகம் வெளுத்துப்போச்சு. கை நடுங்குது.”

“யாரு, அந்த சாஃப்ட்வேர் அம்மாவா? நடுங்கட்டும். என்னை எத்தனை நாள் நடுங்க வெச்சாங்க.”

“நடுங்கினா கண்டுபிடிச்சிருக்க முடியுமா? நாக்கு நல்லா நீளம் உங்களுக்கு.”

“உங்களுது மட்டும் அளவா வெட்டி வெச்சிருக்கோ? வீட்டுல யாரு அக்கா, உங்களைக் கட்டிக்கிட்ட மகராசன்?”

“கண்ணாடிக் கடை வெச்சிருக்காரு. என்னைப் பார்க்கறப்ப மட்டும் கழட்டி வெச்சிடுவாரு.”

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். காதுக்குள்ளும் கேட்டது, தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் கேட்டது. சிரித்து முடித்து, “சரி, எப்ப கழட்டப் போறாங்களாம்?” என்றார்.

திரும்பிப் பார்த்தேன். குடைச்சலின் கையில் நீலக் கம்பியின் நுனி தொங்கிக்கொண்டிருந்தது.

“கழட்டியாச்சு” என்றேன்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று தடுப்புப் பக்கம் திரும்பினேன். அப்புறம் மெல்ல, “எப்ப?” என்றார்.

“நீங்க என் புருஷனை விசாரிச்சப்ப.”

சொருகினாள், பிடுங்கினாள். நாங்கள் பேசினோம். பொறுப்பாளர் வாசலில் நின்று இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று கை காட்டிக்கொண்டே இருந்தார். மாமியார், முட்டி வலி, வீட்டு வாடகை என்று எங்கள் பேச்சு போய்க்கொண்டே இருந்தது. ஒரு எழுத்து விழவில்லை. ஒவ்வொரு முறையும் அந்தப் பெட்டிக்குள் பழையது துடைபட்டு, புதியது ஏறி, ‘இன்ன வழியை எடு’ என்று உத்தரவு போய், ‘அது இல்லை’ என்று பதில் வந்து, எல்லாம் என் வாயிலிருந்து ஒரு சொல் முடிந்து அடுத்த சொல் வருவதற்குள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பேச்சை மட்டும் நிறுத்தவில்லை.

அவள் மறுபடி பிடுங்கிக் கையில் வைத்திருக்கும்போது ஆபரேட்டர் குரல் மாறியது. “அக்கா, வைங்க. பக்கத்து மேஜையில ஏற்கெனவே ஒருத்தர் லைன்ல இருக்காரு. நிஜமான கால், எனக்கு வருது.”

லைன் மாறிவிட்டது. தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவர் குரல் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம் முன்னால் என்னிடம் வம்பளந்த குரலே இல்லை அது.

“ஆம்புலன்ஸ். சொல்லுங்க... அழாதீங்கம்மா, நான் இருக்கேன். மூச்சு இருக்கா? மார்பு ஏறி இறங்குதா, பாருங்க... இறங்குதா, நல்லது. வீடு எங்க?”

பொறுப்பாளர் கை அந்தரத்திலேயே நின்றது. குடைச்சல் கம்பியின் நுனியையும் பெட்டியின் ஓட்டையையும் பார்த்தாள். சொருகலாமா என்று அவள் கண் கேட்டது, யாரைக் கேட்டது என்று தெரியவில்லை. சொருகினாலும் வழி இன்னொருமுறை மாறும். சொருகவில்லை. கை மார்புக்கு நேரே, நீலக் கம்பியை ஒரு குருவிக்குஞ்சைப் பிடித்தமாதிரி பிடித்துக்கொண்டு, அசையாமல் நின்றாள். பெட்டியின் ஃபேன் முனகியது. டிஷ் வழியாக, கூரை வழியாக, யாரோ ஒரு அம்மாள் தன் வீட்டுத் தெருவைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடியா? மாடியா, கீழயா?... கதவைத் திறந்து வையுங்க. போனை வைக்காதீங்க, நான் பேசிக்கிட்டே இருக்கேன்... வண்டி கிளம்பிடுச்சும்மா. கிளம்பிடுச்சு.”